ஸ்மித்தும் சாதிதான்னு ஜல்லியடிக்கிற மகாஜனங்களுக்கு

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கய்யா!

நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பழைய சரக்கைத் தூசி தட்டி வெளியே எடுத்து வருவார்கள். முதலில் ஃபார்வர்டு மெயிலாக வந்தது. அப்புறம் பின்னூட்டங்களில் வந்தது. இப்போ வாட்ஸ்அப்பில், பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தோடு வருகிறது. விஷயம் இதுதான்: வெள்ளைக்காரனுக்கும் சாதி உண்டு, நம்பாவிட்டால் அவன் பெயரைப் பார். ஸ்மித் என்றால் கொல்லன், பாட்டர் என்றால் குயவன், கார்ப்பென்டர் என்றால் தச்சன், பார்பர் என்றால் நாவிதன். அவன் கூச்சமில்லாமல் சாதியைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறான்; நாம் மட்டும் ஏன் வெட்கப்பட்டு வெட்டிவிட்டோம்? ஆகவே சகோதரா, உன் வாலை நீ மறுபடி ஒட்டிக்கொள்.

கடைசி வரிதான் சார் முக்கியம். முன்னாடி வந்த ஸ்மித், பாட்டர் எல்லாம் அந்த ஒரு வரிக்காகப் போட்ட பந்தல்.

இந்த மாசம் மட்டும் மூணு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. மூணு பேருமே நல்லாப் படிச்சவங்க. அதுல ரெண்டு பேர் வெளிநாட்டுல பொட்டி தட்டுறவங்க, தினம் நாலு ஸ்மித்தோட மீட்டிங்ல உட்கார்றவங்க. வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் கட்டைவிரல் தாங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பந்தலைக் காலுக்குக் கால் பிரிக்க வேண்டியிருக்கு, பொறுத்துக்கோங்க மக்களே.

கொல்லன் குடும்பப்பெயர் ஆன கதை

ஸ்மித் என்பது பழைய ஆங்கிலச் சொல். உலோகத்தில் வேலை செய்கிறவர். ஜெர்மன்காரர்களின் ஷ்மிட் இதற்குப் பங்காளி. 'அடிப்பது' என்று பொருள் தரும் ஸ்மைட் என்ற சொல்லில் இருந்து வந்தது, ஆதியில் போர்வீரனைக் குறித்தது என்று ஒரு கதை நெட்டில் உலாவுகிறது. மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. கொல்லன் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த யாரோ ஒரு ஸ்மித் கிளப்பிவிட்டிருப்பார் போல. 'நாங்க ஆண்ட பரம்பரை' வியாதி எல்லா ஊர்லயும் உண்டு :-)

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும் வரை அங்கே பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். காட்ரிக், வுல்ஃப்ஸ்டன், ஆல்ஃப்ரெட் என்று ஆளுக்கு ஒரு பெயர், பெயர்களும் ஏராளம். நார்மன்கள் வந்த பிறகு ஃபேஷன் மாறியது. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே எல்லாக் குழந்தைக்கும் வைக்க ஆரம்பித்தார்கள். ஒரே கிராமத்தில் பத்து ஜான் இருந்தால் என்ன செய்வது? நம்ம ஊர்ல என்ன செய்றோமோ அதேதான். கடைக்கார முருகேசன், மேட்டுத்தெரு முருகேசன், நெட்டை முருகேசன், பொன்னம்மா மகன் முருகேசன்.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களும் இந்த நாலு வகைதான். இருக்கும் இடத்தை வைத்து ஹில், உட், ஃபோர்டு. அப்பா பெயரை வைத்து ஜான்சன், ராபர்ட்சன், வில்சன். ஆளின் தோற்றத்தையோ குணத்தையோ வைத்து ஷார்ட், ஃபாக்ஸ், ஆர்ம்ஸ்ட்ராங். செய்யும் தொழிலை வைத்து ஸ்மித், பேக்கர், டெய்லர். இந்த நாலில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து, 'பார்த்தியா சாதி' என்கிறார்கள். அப்போ ஹில் என்பது என்ன, மலைச்சாதியா? ஷார்ட் என்பது குட்டைச்சாதியா? நாலும் ஒரே தேவைக்காக, ஒரே காலத்தில், ஒரே மாதிரி வந்தவை. ஒன்று சாதி என்றால் நாலும் சாதியாக இருக்கணும்.

முதலில் இந்த ஒட்டுப்பெயர்கள் நிலையாகவே இல்லை. அப்பா ரொட்டி சுட்டால் பேக்கர், மகன் இரும்படித்தால் ஸ்மித். ஒரே ஆளுக்கு ஒரு ஆவணத்தில் ஊர்ப்பெயரும் இன்னொன்றில் தொழில் பெயரும் இருக்கும். அப்புறம் நிலப் பத்திரம், வரிக் கணக்கு, பண்ணை நீதிமன்றப் பதிவேடு எல்லாம் பெருகப் பெருகப் பெயர் உறைய ஆரம்பித்தது. தெற்கு இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டு நடுவாக்கில் பெரும்பாலோர் பெயர் அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு இறங்கிவிட்டது. வடக்கே இன்னும் நூறு வருஷம் ஆச்சு.

இங்கேதான் நம்ம ஃபார்வர்டு பார்ட்டிகள் கோட்டை விடுகிற இடம். நல்லா யோசிச்சுப் பாருங்க. இரும்படிக்கிற ஜானை ஸ்மித் என்று கூப்பிடும் வரை அது வெறும் அடையாளம். அவர் பேரன் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதும் அவரை ஸ்மித் என்று கூப்பிட்டால்தான் அது குடும்பப்பெயர். அதாவது, தொழில் பொய்யாகிப் போகிற அந்த நிமிஷத்தில்தான் ஸ்மித் குடும்பப்பெயராகப் பிறக்கிறது. பெயர் தங்கிவிட்டது, தொழில் போய்விட்டது. நம்ம ஊர் கதை இதற்கு நேர் தலைகீழ் இல்லையா?

இதற்குச் சட்ட ஆதாரமே இருக்கு. 1413-இல், ஐந்தாம் ஹென்றி பட்டத்துக்கு வந்த வருஷம், ஒரு சட்டம் போட்டார்கள். வழக்கில் ஒருவர் பெயரை எழுதினால் கூடவே அவர் அந்தஸ்து அல்லது தொழில் என்ன, எந்த ஊர் என்பதையும் எழுத வேண்டும். ஏன்? ஜான் ஸ்மித் என்று மட்டும் எழுதினால் அவர் கொல்லரா, இறைச்சி விற்கிறவரா என்று தெரியவில்லை. பெயரே தொழிலைச் சொல்லியிருந்தால் இப்படி ஒரு சட்டத்துக்கு வேலையே இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிந்த விஷயம், ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற நம்மாளுக்குத் தெரியவில்லை.

விவசாயி எங்கே போனான்?

அடுத்த கேள்வி. இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலான மக்கள் உழவர்கள். அப்படியென்றால் அங்கே மிக அதிகமான குடும்பப்பெயர் உழவர் என்றுதானே இருக்கணும்? ஆனால் முதலிடத்தில் இருப்பது ஸ்மித். கொல்லர்கள் ஊருக்கு ஒருத்தர், ரெண்டு பேர்தான்.

காரணம் ரொம்ப எளிது. எல்லாரும் உழவர்களாக இருக்கும் ஊரில் 'உழவன் ஜான்' என்று சொன்னால் எந்த ஜான் என்று எவனுக்கும் தெரியாது. 'கொல்லன் ஜான்' என்றால் சட்டென்று தெரியும். கலப்பைக்குக் கொழு அடிக்க, குதிரைக்கு லாடம் கட்ட எல்லாரும் போய் நிற்கும் உலைக்களம் அது. ஊருக்கு ஒன்று இருந்ததால்தான் அது அடையாளம் ஆயிற்று. அப்படி நாடு முழுக்க ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக ஒரு ஸ்மித் முளைத்ததால்தான் கூட்டிப் பார்த்தால் ஸ்மித் முதலிடம். ஃபார்மர் என்று ஒரு குடும்பப்பெயர் இருக்கே என்பீர்கள். அது உழவர் இல்லை சாமி. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரைக் குறித்த சொல்!

ஆக, ஆங்கிலத் தொழிற்பெயர் ஊரைப் பிரித்து அடுக்க வந்தது இல்லை. பத்து ஜானில் ஒரு ஜானைச் சுட்டிக்காட்ட வந்தது.

இன்னொரு உதாரணம் பாருங்க. புதிதாக நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குவது ஒரு வேலை. அதைச் செய்தவருக்கு வடக்கு இங்கிலாந்தில் வாக்கர் என்று பெயர், துணி மேல் நடக்கிறவர். தென்மேற்கே அதே ஆள் டக்கர். தென்கிழக்கே ஃபுல்லர். ஒரே தொழில், வட்டார வழக்கால் மூணு குடும்பப்பெயர். நான் லீட்ஸ் பக்கம் நாலு வருஷம் இருந்தேன், தடுக்கி விழுந்தால் வாக்கர்தான். அதில் ஒருத்தரிடம் அவர் பெயருக்குத் துணி மிதிப்பவர் என்று பொருள் என்று சொன்னேன். 'ஓ, அப்படியா? நடக்கிறவன்னு நெனச்சேன்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருக்கு அந்தப் பெயரின் கனம். வாக்கருக்கும் ஃபுல்லருக்கும் சங்கம் இல்லை, மாநாடு இல்லை, குருபூஜை இல்லை, தனித் திருமண மண்டபம் இல்லை. தங்கள் முப்பாட்டன்கள் ஒரே வேலை செய்தார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

டீ கிளாஸ் சாஸர் இல்லீங்க

இப்போ ஒரு குடும்பத்தையே முழுசாப் பார்ப்போம். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜெஃப்ரி சாஸரைத் தெரியும், 1400-இல் இறந்த கவிஞர். சாஸர் என்ற பெயர் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. காலணி, காலுறை செய்கிறவர் என்று பொருள்.

செருப்புத் தைத்தாரா ஜெஃப்ரி? இல்லை. லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் ஏற்றுமதிச் சுங்கக் கணக்கைப் பார்க்க 1374-இல் நியமிக்கப்பட்ட அதிகாரி. அவர் அப்பா ஜான் சாஸர் தைத்தாரா? இல்லை, லண்டனில் ஒயின் வியாபாரி. பெயர் மட்டும் செருப்பு.

ஜெஃப்ரியின் மகன் தாமஸ் சாஸர் 1407-இல் நாடாளுமன்ற மக்களவையின் சபாநாயகர் ஆனார். அதுவும் ஒரு தடவை இல்லை, மொத்தம் ஐந்து முறை. தாமஸின் மகள் ஆலிஸ் சாஸர் சஃபோக் டியூக்கைக் கட்டிக்கொண்டு டச்சஸ் ஆனார். ஆலிஸின் மகன் நான்காம் எட்வர்ட் மன்னரின் தங்கையையே கட்டினார். அவர்களுக்குப் பிறந்த லிங்கன் பிரபுவை, மூன்றாம் ரிச்சர்ட் தன் மகன் செத்த பிறகு அடுத்த வாரிசாக நினைத்திருந்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. ரிச்சர்ட் 1485-இல் போரில் விழுந்தார், லிங்கனும் 1487-இல் இன்னொரு போரில் செத்தார். இல்லாவிட்டால் செருப்புத் தைப்பவர் என்று பெயர் கொண்ட கவிஞரின் எள்ளுப்பேரன் இங்கிலாந்தின் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார்.

'அதெல்லாம் திறமை' என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஜெஃப்ரியின் மனைவியோட அக்கா தங்கச்சியில் ஒருத்தரை மூன்றாம் எட்வர்ட் மன்னரின் மகன் ஜான் ஆஃப் கான்ட் 1396-இல் கல்யாணமே பண்ணிக்கொண்டார். கொழுந்தியா உபயத்தில் குடும்பத்துக்குக் கதவு திறந்தது. ஆனால் நான் கேட்பது வேறு. அந்தக் கதவு திறக்கும்போது 'பெயரைப் பார்த்தியா, தோல் வேலைக்காரன்' என்று எவனும் மூடவில்லை. நம்ம ஊர்ல தோல் வேலையின் பெயரைச் சுமந்த ஒரு குடும்பம் நாலு தலைமுறையில் அரண்மனைக்குள் போவது இருக்கட்டும், ஊர்த் தேரின் வடத்தைத் தொட முடிந்ததா? செருப்பைத் தைத்தவனை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க விட்டோமா? அந்தத் தொழிலை விட்டுப் படித்து அதிகாரியான பிறகாவது அவனை விட்டோமா? இதையும் அதையும் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்ல நாக்கு கூச வேண்டாமா?

கூரை மேயறவங்க ரெண்டு பேரைப் பற்றிச் சின்னதாக ஒரு கிளைக்கதை. 1381-இல் தலைக்கு 12 பென்ஸ் வரி போட்டதும் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். தலைவர் பெயர் வாட் டைலர், ஓடு வேய்கிறவர் என்று பொருள். 1990-இல் அதே மாதிரி தலைவரி ஒன்றை இங்கிலாந்தில் கொண்டுவந்து கலவரத்தைச் சந்தித்து அந்த வருஷமே பதவி இழந்தவர் மார்கரெட் தாட்சர், கூரை வேய்கிறவர் என்று பொருள். ஓட்டுக்கூரைக்காரர் வரியை எதிர்த்துச் செத்தார், கீற்றுக்கூரைக்காரர் வரியைப் போட்டுப் பதவியை விட்டார். தாட்சர் என்பது கணவர் வழியில் வந்த பெயர். அவர் அப்பா மளிகைக்கடை ராபர்ட்ஸ். இதில் யாருக்கு என்ன சாதி? வாட் டைலர் கொல்லப்பட்ட இடம் ஸ்மித்ஃபீல்டு. உடனே கொல்லர் திடல் என்று கிளம்பிடாதீங்க, அது 'சமதளமான வயல்' என்பது மருவியது. பெயரை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால் இப்படித்தான் குப்புற விழ வேண்டியிருக்கும்.

'அங்க மட்டும் எல்லாரும் சமமா?'

இல்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் வந்து கும்மியடிக்க வேண்டாம்.

பாண்ட் என்று ஒரு குடும்பப்பெயர். ஆமாம், ஜேம்ஸ் பாண்டோட பாண்ட்தான். முதலில் வீட்டுக்காரர், குடியானவர் என்று பொருள்பட்ட சொல், நார்மன்கள் வந்த பிறகு பண்ணைக்குக் கட்டுப்பட்ட ஆள் என்று தாழ்ந்துவிட்டது. அதற்கு எதிரே ஃப்ரீமேன், ஃபிராங்க்ளின் என்று சுதந்திரக் குடிகளின் பெயர்கள். அதாவது அந்தஸ்தும் பெயரில் ஏறியது, மறுக்கவில்லை. பண்ணையடிமை முறை அங்கே இருந்தது. பண்ணையாள் பிரபுவின் அனுமதி இல்லாமல் மகளைக் கட்டிக்கொடுக்க முடியாது, ஊரை விட்டுப் போக முடியாது.

1348-இல் கொள்ளைநோய் வந்து கொத்துக்கொத்தாக ஜனங்கள் செத்து, வேலைக்கு ஆள் இல்லாமல் கூலி ஏறியபோது, 1351-இல் கூலியை அமுக்கச் சட்டம் போட்டார்கள். 1363-இல் யார் என்ன துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டார்கள். 1388-இல் அதைவிடக் கொடுமை: பன்னிரண்டு வயது வரை ஏர் பிடித்தவன் அதற்கப்புறம் வேறு தொழில் கற்கக் கூடாது என்றார்கள். மேல்தட்டுக்காரன் புத்தி எங்கேயும் ஒன்றுதான்.

ஆனால் என்ன ஆச்சு? உடைச் சட்டத்தை மறு வருஷமே வாபஸ் வாங்கினார்கள். பண்ணையடிமை முறை 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் தேய்ந்தே போனது. கூலி அதிகம் கிடைத்த ஊருக்கு ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். ஓடிப்போன ஊரில் பாண்ட் என்ற பெயர் வெறும் பெயர் ஆனது. சட்டம் போட்டும் தடுக்க முடியாத அளவுக்கு ஆட்கள் தொழில் மாறினார்கள் என்பதைத்தான் அந்தச் சட்டங்களே காட்டுகின்றன. நம்ம ஊரில் இப்படி ஒரு சட்டத்துக்கு அவசியமே வரவில்லை. மதம் பார்த்துக்கொண்டது, ஊர் பார்த்துக்கொண்டது, கல்யாணம் பார்த்துக்கொண்டது.

கல்யாணம். அதுதான் விஷயமே. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயசு மாணவராக அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் மையம் இதுதான்: அகமணம்தான் சாதியின் உயிர். தொழில் இல்லை, பெயர் இல்லை, யார் யாரைக் கட்டலாம் என்ற வேலி. அந்த அளவுகோலை ஸ்மித் மேல் வைத்துப் பாருங்கள். 1538-இல் இருந்து இங்கிலாந்து தேவாலயங்களில் திருமணப் பதிவேடு எழுதுகிறார்கள். ஸ்மித் பேக்கரைக் கட்டியிருப்பார், டெய்லர் ஹில்லைக் கட்டியிருப்பார். பணக்காரன் ஏழையைக் கட்டுவதில் ஆயிரம் சிக்கல் இருந்திருக்கும். ஸ்மித் ஸ்மித்தைத்தான் கட்டணும் என்று ஒரு காலத்திலும் எவனும் சொல்லவில்லை.

விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள், அப்பாவழி இறங்கும் ஒய் குரோமோசோம் பரிசோதனை. அட்டன்பரோ மாதிரி அரிதான பெயர்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடம் போய் நின்றார்கள். ஸ்மித்? தெருவில் போகிற யாரோ ரெண்டு பேருக்கு எவ்வளவு உறவோ, ரெண்டு ஸ்மித்துக்கும் அவ்வளவுதான். ஒரு சாதியும் இல்லை, ஒரு குலமும் இல்லை, ஒரு குடும்பம்கூட இல்லை. (இதே டூரி கிங்தான் பின்னாடி, லெஸ்டர் கார் பார்க்கிங்கில் 2012-இல் தோண்டி எடுத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்பை டி.என்.ஏ. வைத்து உறுதி செய்த குழுவிலும் முக்கியமானவர். சாஸரின் எள்ளுப்பேரனை வாரிசாக நினைத்தாரே, அதே ரிச்சர்ட்.)

போட்டுக்கலாம், கழட்டலாம்

அமெரிக்காவுக்கு வாங்க. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஸ்மித்கள் 24 லட்சத்துக்கும் மேலே. அதில் சுமார் 23 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். இவர்களின் முன்னோர்கள் இங்கிலாந்தில் இரும்படித்தவர்களா? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சிலருக்கு முதலாளி குடும்பத்தின் பெயர் வந்து ஒட்டியது, சிலர் விடுதலைக்குப் பிறகு தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் சாட்டை இருக்கிறது, கொல்லுப்பட்டறை இல்லை. வெள்ளை ஸ்மித்தையும் கறுப்பு ஸ்மித்தையும் அந்த ஒரே பெயர் சமமாக்கவும் இல்லை. அங்கே பாகுபாடு தோலில் உட்கார்ந்திருந்தது.

இங்கிலாந்தில் பெயரைக் கழட்டிப் போடுவதும் சுலபம். யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டால் யாரும் என்ன பெயரும் வைத்துக்கொள்ளலாம். சாமானியனை விடுங்க, 1917-இல் ஜெர்மனியோடு சண்டை நடந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாக்ஸ-கோபர்க்-கோதா என்ற தன் ஜெர்மன் வம்சப்பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கோட்டையின் பெயரை எடுத்து வின்ட்சர் ஆனார். அதே வருஷம் பேட்டன்பர்க் குடும்பம் மவுன்ட்பேட்டன் ஆனது, அதில் ஒருத்தர்தான் நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தார். ராஜாவே சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றிய ஒரு விஷயத்தைப் போய்ச் சாதி என்கிறீர்களே. சாதியை அப்படிக் கழட்ட முடிந்திருந்தால் இந்த நாட்டில் இவ்வளவு ரத்தம் ஏன்?

கொசுறாக ஒன்று. 1927-இல் ஒரு இந்தியர்கூட இல்லாமல் சைமன் கமிஷனை நியமித்தபோது இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர் பர்கன்ஹெட் பிரபு. அவர் இயற்பெயர் எஃப்.இ.ஸ்மித். அதற்கு முன்னாடி 1919-இல் இங்கிலாந்தின் தலைமை நீதித்துறைப் பதவியான லார்டு சான்சலர் ஆனவர். கொல்லன் மகன் எப்படி அங்கே உட்காரலாம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 'திரும்பிப் போ' என்று கறுப்புக்கொடி காட்டிய நம்மாட்களும் அவர் பெயரைப் பார்க்கவில்லை, செய்கையைத்தான் பார்த்தார்கள்.

இப்போ நம்ம ஊரு

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலன் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற மாநிலங்களில் ஒருத்தர் தன் முழுப்பெயரைச் சொன்ன உடனே சாதி தெரிந்துவிடும், இங்கே இனிஷியல்தான். விசா படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து முழித்து, அப்பா பெயரை எழுதி, விமானத்தில் அப்பா பெயரால் அழைக்கப்படும் அவஸ்தை எனக்கும் உண்டு. அந்த அவஸ்தையில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சாதி ஒழிந்ததா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. பெயரில் வால் இல்லை, அதனால் கையில் கயிறு. கயிற்றை அவிழ்த்தால் பைக்கில் ஸ்டிக்கர். அதையும் கிழித்தால் மேட்ரிமோனி சைட்டில் ஒரு கட்டம்.

இதுதான் என் முழு வாதமும். ஸ்மித்துக்குப் பெயர் இருக்கிறது, சாதி இல்லை. நமக்குப் பெயர் போய்விட்டது, சாதி இருக்கிறது. ஆகவே பெயரைக் காட்டிச் சாதியை நிரூபிக்கவும் முடியாது, 'பேருதானே' என்று வாலை மறுபடி ஒட்டிக்கொள்ளவும் முடியாது. அங்கே ஸ்மித் என்பது செத்துப்போன ஒரு தகவல். இங்கே வால் என்பது உயிரோடு இருக்கிற ஒரு மிரட்டல். ஒருவன் தன் பெயருக்குப் பின்னால் அதை எழுதும்போது, நான் யார் என்று மட்டும் சொல்லவில்லை, நீ யார் என்று எதிரில் இருப்பவனைக் கேட்கிறான். ஸ்மித் என்று கைகொடுக்கிறவர் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

'அப்போ வாலை வெட்டி என்ன பிரயோஜனம்?' என்று கேட்கலாம். பிரயோஜனம் உண்டு. வகுப்பில் வருகைப்பதிவேடு வாசிக்கும்போது ஒரு பிள்ளைக்குத் தலை நிமிர்வதும் இன்னொரு பிள்ளைக்குத் தலை குனிவதும் நின்றது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி கல்யாணத்தில் இருக்கிறது. சரியாகச் செய்த பாதியைப் பிடுங்கிப் போடச் சொல்லி ஸ்மித்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கூண்டில் ஏறி அவர் சொல்வது உங்களுக்கு எதிரான சாட்சி அண்ணாச்சி.

அடுத்த தடவை அந்தப் பச்சைப் படம் உங்கள் குடும்ப குரூப்பில் வந்தால், அனுப்பினவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஸ்மித் மகள் பாட்டர் மகனைக் கட்டினால் அங்கே யாராவது அரிவாளைத் தூக்குவார்களா மாமா?

பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்க.

பி.கு. 1: 'அதான் அவங்க கிறிஸ்தவங்க' என்று ஒரு பின்னூட்டம் கட்டாயம் வரும். நம்ம ஊர் சர்ச்சுகளிலும் கல்லறைகளிலும் சாதிக்குத் தனிச் சுவர் கட்டி வைத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். எனவே அடுத்த காரணத்தைத் தேடவும்.

பி.கு. 2: ஆங்கிலத் தொழிற்பெயர்களில் சுவாரசியமான சங்கதி இன்னும் இருக்கு. வெப்ஸ்டர், பேக்ஸ்டர், புரூஸ்டர் மூணிலும் வால் போல ஒட்டியிருக்கும் 'ஸ்டர்' ஆதியில் பெண்பால் விகுதி. நெசவுக்காரி, ரொட்டிக்காரி, சாராயம் காய்ச்சுகிறவள்! மீசை வைத்த வெப்ஸ்டர்கள் எல்லாம் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். அதை வைத்து ஒரு மொக்கைப் பதிவு தனியாகப் போடலாம் என்று எண்ணம். ஆணி குறைந்தால்.